புஷ்பம் யாருடைய அம்மா?

1

எங்கள் தோட்டத்து மாரியம்மன்மேல் ஆணையாகச் சொல்கிறேன்: கீழே வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. காற்புள்ளிகளுக்கு மட்டும் நான் பொறுப்பில்லை.

கதை பிறந்த இடத்தையும் ஒளிக்கவில்லை. தோட்டத்து ஆபீசில் குடும்ப விபரம் எழுதும் படிவம் ஒன்று உண்டு. ஒன்று கேட்டால், தொழிலாளர் நலன் பார்க்கிற வெல்பெயார் ஐயா மூன்று தருவார். மிஞ்சிய இரண்டின் பின்பக்கத்தில்தான் இதை எழுதுகிறேன். ஆகவே கதை நீளாது. தாள் விடாது.

2

முதல் தொடக்கம்: "இரத்தினபுரியில் அன்று மழை பெய்து—"

வேண்டாம். இரத்தினபுரியில் மழை பெய்யாத நாளைத்தான் எழுதி வைக்க வேண்டும்.

இரண்டாவது: "விஜயகலா பாவப்பட்ட பெண். அவளுடைய கண்ணீர்—"

இதுவும் வேண்டாம். விடிவதற்குள் முந்நூறு இறப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள் அவள். இதைப் படித்தால் அந்தக் கத்தியோடு வந்து நிற்பாள்.

சரி, உள்ளதைச் சொல்கிறேன். அவளுடைய புருசன் ஸ்ரீதரன் கொழும்பில் சாப்பாட்டுக் கடை வேலைக்குப் போனான். முதலில் மாதாமாதம் வந்தான். பிறகு தீபாவளிக்கு வந்தான். பிறகு வாட்ஸ்அப்பில் வந்தான். கடைசியில், அங்கே அவனுக்கு இன்னொரு குடும்பம் இருக்கிற செய்தி வந்தது. விஜயகலா விவாகரத்து வழக்குப் போட்டாள்.

புருசன் போவதில் அவளுக்குப் பயமில்லை. தோட்டம் குடியிருக்கக் கொடுத்த லயத்து அறை போய்விடுமோ என்பதுதான் பயம். அறை ஸ்ரீதரன் பெயரில் இருந்தது. பெற்றவர்கள் இருவரும் இல்லாதவள், பன்னிரண்டு வயது மகள் தர்மிளாவைக் கூட்டிக்கொண்டு எங்கே போவாள்?

(அந்த அறையில் காத்தமுத்து என்று ஒரு கிழவனும் இருந்தான். கதைக்கு உதவாத ஆள். அடித்துவிடுகிறேன்.)

3

இந்த இடத்தில் புஷ்பம் வர வேண்டும். ஸ்ரீதரனைப் பெற்றவள், விஜயகலாவுக்கு மாமி. ஊர் வழக்கப்படி மகன் பக்கம்தான் நிற்க வேண்டும். அப்படி நிறுத்தி அரைப் பக்கம் எழுதியும் பார்த்தேன். நிற்கவில்லை. எழுந்து ஆபீசுக்குப் போய்விட்டாள்.

தனித்த பெண்ணின் பெயருக்கு அறையை மாற்றும் வழக்கம் எங்கள் தோட்டத்தில் இல்லை. பெற்றவரில் ஒருவராவது கூட இருக்க வேண்டும். படிவத்தில் தாய், தகப்பன், துணை, பிள்ளை என்று நான்கு கட்டம். மாமியாருக்குக் கட்டம் கிடையாது.

"என்னை இவளுக்குத் தாயின்னு எழுதுங்க," என்றாள் புஷ்பம்.

வெல்பெயார் ஐயா பேனாவை மூடினார். "நீங்க ஸ்ரீதரன்ட அம்மா தானே?"

"அது போன வருசம் வரைக்குங்க."

அவர் பேனாவைத் திறந்து எழுதினார். அறை விஜயகலாவின் பெயருக்கு மாறியது.*

* ஆபீஸ் வாசலில் புஷ்பம் மூன்று நாள் உட்கார்ந்திருந்ததையும், ஆபீஸ் நாய் அவளோடு லயத்துக்குக் குடிவந்ததையும் சுருக்கம் கருதி விட்டுவிட்டேன். நாய் இன்னும் இருக்கிறது.

4

தவணைமேல் தவணையாக மூன்று வருடம் வழக்கு நடந்தது. வழக்குச் செலவுக்குத் தாலி அடகுக் கடைக்குப் போனது. அதனால் அதைக் கழற்றுவது யார், எப்போது என்ற பேச்சே எங்கள் லயத்தில் எழவில்லை.

கடைசித் தவணையில் ஸ்ரீதரனின் லோயர் இரண்டு காகிதங்களைத் தூக்கிக் காட்டினார். ஒன்று ஸ்ரீதரனின் பிறப்புச் சான்றிதழ்: தாய், புஷ்பம். மற்றது தோட்டத்து ஆபீஸ் கடிதம்: விஜயகலாவின் தாய், புஷ்பம். இவர்கள் கணவன் மனைவியா, அண்ணன் தங்கையா என்று கேட்டார். கடிதம் பொய் என்றால் அறையும் அவளுக்கில்லை, அது தன் கட்சிக்காரருக்கே என்று சொல்ல வாயெடுத்தார்.

விஜயகலா கையிலிருந்த குடையை இறுக்கிப் பிடித்தாள். மூன்று வருடமாகப் பயந்தது இதற்குத்தான்.

அந்த நேரத்தில், புஷ்பத்தின் சேலையில் இறப்பர்க் காட்டிலிருந்து பஸ் ஏறி வந்த, இரத்தம் குடிக்கிற அட்டை ஒன்று லோயரின் காலில் ஏறியது. வாக்கியம் பாதியில் நின்றது. (இதற்குச் சாட்சி உண்டு. அட்டையைத்தான் விசாரிக்க முடியாது.)

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "அம்மே, ஓயா காகே அம்மாத?" என்று புஷ்பத்தைப் பார்த்துக் கேட்டார். நீங்கள் யாருடைய அம்மா?

புஷ்பத்துக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. என்றாலும் தமிழில்தான் சொன்னாள்.

"பெத்தது அவனைங்க. காய்ச்சல்ல கெடந்தா கஞ்சி வச்சுக் குடுக்கிறது இவ. காயிதத்துல எதை வேணும்னாலும் எழுதிக்குங்க ஐயா. நான் இவகூடத்தான் பஸ் ஏறுவேன்."

நீதிபதி எழுந்து நின்று கை தட்டி—

இல்லை. அதை அடிக்கிறேன். குனிந்து எழுதினார், அவ்வளவுதான். வேண்டுமென்றே கைவிட்டுப் போனதற்காக விவாகரத்து. பிள்ளை தாயிடம். பிள்ளைக்கு மாதாமாதம் தாபரிப்புப் பணம். லயத்து அறை தோட்டத்து விசயம், நீதிமன்றம் அதில் கை வைக்காது. தீர்ப்பு முழுதாக நிலைக்க இன்னும் மூன்று மாதம்.

5

நீதிமன்ற வாசலில் ஸ்ரீதரன் வந்து நின்றான். நல்ல சட்டை. "அப்ப நான் உங்களுக்கு யாரும்மா?"

"தீவாளிக்கு வாடா," என்றாள் புஷ்பம். "விருந்தாளிக்குப் படிவத்துல கட்டம் தேவையில்ல."

பஸ்ஸில் உட்கார்ந்ததும் விஜயகலா தூங்கிப்போனாள். மூன்று வருடத் தூக்கம். இறங்க வேண்டிய இடம் தாண்டியும் மாமி எழுப்பவில்லை. இரண்டு கட்டை, அதாவது இரண்டு மைல், மழையில் திரும்பி நடந்தார்கள்.

"மாமி, தாலியை மீட்டு வித்துருவமா?"

"வித்து, புள்ளைக்குத் தோடு வாங்கு."

குடை ஒன்றுதான். இருவரும் நனைந்தார்கள். விஜயகலா காரணமில்லாமல் சிரித்துக்கொண்டே வந்தாள். வழியில் ஒரு கடையில் இரண்டு றோல்ஸ் தின்றாள், இன்னொன்று கேட்டாள்.

6

முடிவு. தீபாவளிக்கு ஸ்ரீதரன் வந்தானா? தனியாக வந்தானா, கொழும்புக் குடும்பத்துப் பிள்ளைகளையும் கூட்டி வந்தானா? வந்தவனுக்கு விஜயகலா தட்டு வைத்தாளா, நாயை அவிழ்த்து விட்டாளா? மூன்றுக்கும் இடம் விட்டிருக்கிறேன். பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தாள் முடிகிறது.

பதிவுக்காக ஒன்று: என் மனைவி புஷ்பம் காலமாகி இந்த ஐப்பசியோடு ஒன்பது வருடம்; வழக்குப் போட்டது அதற்குப் பிறகுதான். இப்படிக்கு, மேலே அடிக்கப்பட்ட காத்தமுத்து.