ஷோகேஸுக்குப் பின்னால் தாமரை

தெலுங்கு தேசத்து அல்வாலில் தனசிங் வீட்டு ஹாலிலிருந்து மகள் எமியின் அறைக்குப் போக ஒரு வாசல் இருந்தது. போன வாரம் வரை இருந்தது. இப்போது அந்த இடத்தில் செங்கல் அடுக்கி, பூசி, பெயின்ட் அடித்த சுவர் நிற்கிறது. எமி தன் அறைக்குப் போக வேண்டுமென்றால் சமையலறைக்குள் நுழைந்து, அம்மாவின் குக்கரைத் தாண்டி, பின்பக்கமாகச் சுற்றிப் போக வேண்டும். "இன்ட்லோனே ரிங் ரோடா, டாடி?" வீட்டுக்குள்ளேயே ரிங் ரோடா என்று தெலுங்கில் தினமும் ஒருமுறை அப்பாவைக் குத்திவிட்டுத்தான் அவள் சுற்றப் புறப்படுவாள்.

"ஏசி குளிரு பூரா அந்த வழியாத்தான் போவுது. அதான் அடைச்சேன்" என்பது தனசிங் மனைவி செலினிடமும் மகளிடமும் சொன்ன காரணம். அது பச்சைப் பொய். உண்மைக் காரணம் மாடி வீட்டு ராகேஷின் செல்போனில் இருந்தது. மாதாப்பூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற அந்தப் பையன் ஒருநாள் ஹாலின் நடுவில் நின்று, போனில் காம்பஸைத் திறந்து, ஒரு சுற்றுச் சுற்றி, "அங்கிள், தென்மேற்குல தர்வாஜா நக்கோ, கதவே கூடாது. பொண்ணுக்கு வர்ற சம்பந்தம் நிக்காது" என்று சொல்லிவிட்டுப் போனான்.

சொன்னது சுருக்கென்று தைத்தது. எமிக்கு வந்த மூன்று வரன்களும் கேக்கையும் மிக்சரையும் தின்றுவிட்டு, "சொல்லி அனுப்புதோம்" என்று போனவர்கள்தான். நமக்குப் பிறகு இந்தப் பிள்ளை தனியாக நின்றுவிடுமோ என்ற பயம் தனசிங்கைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. பயந்தவனுக்குக் காம்பஸும் தீர்க்கதரிசிதான்.

இதில் என்ன சங்கடமென்றால், தனசிங் சபைக் கமிட்டியில் இருப்பவர். போன வருஷம் அதே சபையைச் சேர்ந்த ரஞ்சனா, வாஸ்து பார்த்துத் தன் வீட்டு கேட்டை இடம் மாற்றினாள் என்று கேள்விப்பட்டு, ஆராதனை முடிந்து எல்லோரும் நிற்கும்போதே, "ஏம்மா, ஆண்டவரு கேட்டு எந்தப் பக்கம்னு பாத்துட்டா உள்ள வாராரு?" என்று கேட்டவர். கூட்டம் சிரித்தது. ரஞ்சனா சிரிக்கவில்லை. ஊருக்குத்தான் உபதேசம் என்பது அப்போது அவருக்கே தெரியாது.

வருகிற சனிக்கிழமை சாயங்காலம் வீட்டு ஜெபக்கூட்டம் தனசிங் வீட்டில். சபைப் போதகரான ஐயர் வருகிறார். ரஞ்சனாவும் வருகிறாள்.

சுவரில் பெயின்ட் பொருந்திவிட்டது. காலடியில்தான் வம்பு. ஹாலைச் சுற்றிலும் சுவரின் அடியில் பச்சை மொசைக் பட்டை, அதாவது ஸ்கர்ட்டிங், ஓடிவந்து, கதவு இருந்த இடத்தில் மட்டும் பல் விழுந்த வாய் மாதிரி நின்றது. வெள்ளைப் புள்ளி போட்ட அந்தப் பச்சை இப்போது எந்தக் கடையிலும் கிடையாது. ஒரு கடைக்காரன் தனசிங்கின் மாதிரித் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது எந்தக் கோட்டைல எடுத்தீங்க?" என்றான்.

"எதுக்கு இப்படி அலையுதிய? அங்க கதவு இருந்தது எல்லாருக்கும் தெரியும்லா" என்றாள் செலின்.

"தெரிஞ்சா என்ன? தழும்பு இருந்தாத்தான் மனுசன் எப்படிப் பட்டுதுன்னு கேப்பான். அடி பொருந்திட்டுன்னு வையி, ஒருத்தனும் கேக்க மாட்டான்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற இந்த யோசனைக்கு மேஸ்திரி லட்சுமணன்தான் வழி சொன்னார். "சார், அதோ அந்தப் பெரிய ஷோகேஸ் பின்னாடி யார் பாக்கப் போறா? அங்க இருக்கற ஸ்கர்ட்டிங்கப் பேத்து இங்க வெச்சிடலாம். அங்க ஏதாச்சும் மிச்ச டைல ஒட்டிடறேன்."

தனசிங்குக்கு மேஸ்திரியைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது. தூசி ஆகாதென்று அவர் வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். கூப்பிட்டபோது வேலை முடிந்து ஷோகேஸ் தன் இடத்துக்குத் திரும்பியிருந்தது. குனிந்து ஸ்கர்ட்டிங்கை விரலால் தடவிப் பார்த்தார். எங்கே பழசு, எங்கே ஒட்டு என்று தெரியவில்லை. அன்று அவர் பாட்டுப் பாடிக்கொண்டே குளித்தார்.

சனிக்கிழமை சமோசா வாங்கக் கடைக்குப் போனவர், இரண்டு பைகளோடு திரும்பி வந்து ஹாலுக்குள் கால் வைத்ததும் அப்படியே நின்றார். ஷோகேஸைக் காணோம்.

"சபைப் பையனுவ வந்து பின்னால தள்ளிப் போட்டாச்சு" என்றாள் செலின், ஜமக்காளத்தை உதறிக்கொண்டே. "கூட்டம் உக்கார இடம் வேணும்லா?"

எந்த வீட்டு ஜெபக்கூட்டமானாலும் முதல் வேலை ஹாலைக் காலி பண்ணுவது. எத்தனை வீட்டு ஷோகேஸ்களைத் தனசிங்கே ஒரு முனை பிடித்துத் தூக்கியிருக்கிறார்! இருந்தும் அது நினைவுக்கு வரவில்லை. அதைவிட, ஜமக்காளத்தில் உட்கார்ந்தால் எல்லோருடைய கண்ணும் நேரே ஸ்கர்ட்டிங் உயரத்துக்குத்தான் வரும் என்பதும் உறைக்கவில்லை.

சுவரடியில் மஞ்சள் டைல் பளபளத்தது. டைலில் தாமரை, தாமரை மேல் எரிகிற குத்துவிளக்கு. பக்கத்து டைலிலும் தாமரை, விளக்கு. அதற்குப் பக்கத்திலும்.

மேஸ்திரிக்குப் போன் போட்டார்.

"அதுவா சார்? ஏ.எஸ்.ராவ் நகர்ல ஒரு பூஜை ரூம்ல மிஞ்சினது. சாமி டைலாச்சே, கக்கூஸ்லயா ஒட்ட முடியும்? நல்ல வீடாப் பாத்து வெக்கணும்னு பத்திரமா வெச்சிருந்தேன்."

செலினும் அப்போதுதான் பார்த்தாள். "என்னங்க இது?" என்று அவள் வாயைத் திறப்பதற்குள் வாசலில் ஐயரின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. "பொறவு சொல்லுதேன்" என்று தனசிங் பாய்ந்துபோய், அந்த டைலுக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். தரையில் உட்காரவே கூடாது என்று முட்டி டாக்டர் எச்சரித்த மனிதர். முதுகு மறைத்தது போக இரண்டு பக்கமும் விளக்கு எரிந்தது. ஒரு பக்கம் சமோசாப் பையைச் சார்த்தினார். மறு பக்கம் வேட்டியை விரித்தார்.

"அண்ணே, சேர்ல உக்காருங்க" என்றாள் ரஞ்சனா.

"வேண்டாம்மா. தாழ்மையா இருக்கட்டும்."

பாட்டு நடந்தது. சாட்சி சொல்ல எழும்பச் சொன்னபோது உட்கார்ந்தபடியே சொன்னார். ஜெபத்தில் எல்லோரும் கண்ணை மூடியபோது, இவர் மட்டும் கண்ணைத் திறந்து காவல் காத்தார். கால் மரத்துப் போய், யாருடைய காலோ என்று ஆகிவிட்டது.

கடைசியில் ஐயர், "ஆசீர்வாதத்துக்கு எல்லாரும் எழும்பி நிப்போம்" என்றார்.

எல்லோரும் எழுந்தார்கள். தனசிங் எழவில்லை. பாவம், முட்டிவலி என்று ஐயர் இரங்கிக் கிட்டே வந்து, இரண்டு கையையும் பிடித்து ஒரே தூக்காகத் தூக்கி நிறுத்தினார். வேட்டி சுருங்கியது. பை சரிந்தது. மஞ்சள் சுவரடியில் விளக்குகள் வரிசையாக எரிந்தன.

ஐயர் டைலைப் பார்த்தார், தனசிங்கைப் பார்த்தார், ஆசீர்வாதத்தைச் சீக்கிரமாகச் சொல்லி முடித்தார்.

ரஞ்சனா குனிந்து பார்த்தாள். "லட்சுமணன் மேஸ்திரியா, அண்ணே?"

தனசிங் தலையாட்டினார்.

"எங்க வீட்டுல கட்டிலுக்குப் பின்னால மயிலு ஒட்டியிருக்கான்." அவள் நிமிர்ந்து, எதிரே கதவில்லாத சுவரைப் பார்த்தாள். காம்பஸ் இல்லாமலே திசை அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. "தென்மேற்கு. அப்போ செலினக்கா சொன்ன மாதிரி ஏசிக்காக இல்ல. ஏண்ணே, இப்போ ஆண்டவரு எமி ரூமுக்கு எந்தப் பக்கமா வாராரு? சமையக்கட்டு வழியாவா?"

கூட்டம் வெடித்துச் சிரித்தது. ஐயர் கைக்குட்டைக்குள் சிரித்தார். செலின் சிரிக்காமல் கணவனையே முறைத்தாள். ஒரு வருஷமாகச் சேர்த்து வைத்ததை ரஞ்சனா ஒரே தடவையில் கொடுத்துவிட்டாள்.

தனசிங்குக்கு ஓடி ஒளிய வேண்டும் போலிருந்தது. மரத்த காலோடு எங்கே ஓடுவது? "தப்புதான் தாயி" என்றார். "அன்னைக்கு உன்னக் கேட்டதும் தப்பு. எம் பிள்ளைக்கு ஒண்ணும் அமையலியேன்னு பயந்துட்டேன். வாரவன் எல்லாம் போயிருதான். எனக்கு வேற வழி தெரியல."

சிரிப்பு நின்றது. சமோசாத் தட்டோடு நின்ற எமி அதைக் கீழே வைத்தாள்.

"டாடி, ஆ முக்குரிகி நேனே நோ செப்பானு" என்றாள் தெலுங்கில். ஐயர் விழிப்பதைப் பார்த்து நிறுத்தினாள். வீட்டில் யார் தமிழில் கேட்டாலும் தெலுங்கிலோ இங்கிலீஷிலோ பதில் சொல்கிற பெண், இப்போது வார்த்தை வார்த்தையாகத் தமிழில் சொன்னாள்.

"அந்த மூணு பேர்கிட்டயும் நான்தான் போன் பண்ணி வேண்டாம்னு சொன்னேன். எனக்குப் பிடிக்கல. கதவு என்ன பண்ணும்? சுவத்தக் கேட்ட நேரத்துல, என்னக் கேட்டிருக்கலாம்லா, டாடி?"

எமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, பழக்கத்தில் அந்தச் சுவரை நோக்கி நேரே நடந்து, முட்டப் போகிற நேரத்தில் நின்று, சமையலறைப் பக்கமாகத் திரும்பிப் போனாள்.