சனிக்கிழமைக் காவல்

ஒரே ஏசுவைக் கும்பிடுகிறவர்களுக்கு வாரத்தில் இரண்டு லீவு நாள் எப்படி வந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நான் தமிழ் சொல்லிக்கொடுத்த கல்லூரி ஞாயிற்றுக்கிழமைக் கல்லூரி. ஞாயிறு காலை மணி அடித்தால் பிரின்சிபாலிலிருந்து ஹாஸ்டல் பிள்ளைகள்வரை வெள்ளை உடுத்திக்கொண்டு கோயிலுக்குப் போவார்கள். சனிக்கிழமை அவர்களுக்குத் துணி துவைக்கிற நாள். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி கடைசி வருஷம் படித்த சுசீலாபாய்க்கு மட்டும் அதுதான் புனித நாள். ஓய்வுநாள் சபைக்காரி. வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் புத்தகத்தை மூடிவிடுவாள். மறுநாள் பொழுது சாயும்வரை படிப்பு கிடையாது, எழுத்து கிடையாது, அடுப்புப் பக்கம் போவதும் கிடையாது.

எழுபத்துநாலு ஏப்ரலில் அவளுடைய கடைசிப் பரீட்சை சனிக்கிழமை மத்தியானத்தில் வந்து விழுந்தது.

போனக்காட்டு எஸ்டேட்டில் அவள் அப்பா தாசையனுக்குத் தேயிலை ஃபாக்டரியில் வேலை, அம்மாவுக்குக் கொழுந்து கிள்ளுகிற வேலை. சபையில் சேர்ந்த நாள்முதல் இரண்டு பேரும் சனிக்கிழமைக் கூலியை வேண்டாமென்று விட்டவர்கள். மிச்ச நாள் கூலியில்தான் இவளைப் படிக்கவைத்தார்கள். இவளும் லாபரட்டரியில் குப்பி கழுவி ஃபீஸில் பாதியைக் கழித்துக்கொண்டாள். ஜூனில் அவர்கள் சபைப் பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் டீச்சர் வேலை காத்திருந்தது, கூடவே குடியிருக்க ஒரு வீடும். தேயிலைத் தூசியில் நெஞ்சு கெட்டுப்போன அப்பாவை மலையிலிருந்து இறக்கிக்கொண்டு வந்துவிடலாம். இந்த ஒரு பேப்பர் போனால் பட்டம் போச்சு, வேலை வேறொருத்திக்குப் போய்விடும், அந்த மனுஷன் அங்கேயே இருமிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

பிரின்சிபால் யூனிவர்சிட்டிக்கு நடையாய் நடந்து ஓர் ஆர்டர் வாங்கினார். மற்றப் பிள்ளைகள் மத்தியானம் எழுதுவார்கள். அதே கேள்வித்தாளை சுசீலாபாய் மட்டும் சூரியன் அஸ்தமித்தபிறகு எழுதலாம். ஆனால் மற்றவர்கள் எழுதத் தொடங்கின நிமிஷத்திலிருந்து அவள் யார் முகத்திலும் முழிக்கக் கூடாது. ஒரு அறையில் அடைத்து, ஒரு ஆசிரியை கூடவே இருக்க வேண்டும். கண நேரம்கூட அவளைத் தனியே விடக் கூடாது. அந்த ஆசிரியையே ராத்திரிப் பரீட்சைக்கும் மேற்பார்வையாளர்.

“பகவதி டீச்சர்தான் சரி. ஞாயிறும் இல்லை, சனியும் இல்லை” என்று பிரின்சிபால் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சனிக்கிழமைதான் கரமனையில் என் வீட்டில் மாவாட்டுகிற நாள், மிளகாய் வறுத்துப் பொடிக்கிற நாள். ரிட்டயரான என் புருஷன் ஆறுமுகசாமி ஒரு காப்பிகூடத் தானாய்ப் போட்டுக் குடிக்கமாட்டார். பையன்கள் இரண்டும் அவருக்கு மேலே.

பழைய துரை பங்களாவின் மாடியறையில் எங்களை விட்டுக் கதவைச் சாத்தினார்கள். இரண்டு நாற்காலி, ஒரு கட்டில், ஒரு கூஜா தண்ணீர். யாரும் சீட்டு எறிந்துவிடக் கூடாதென்று ஜன்னலையும் அடைத்திருந்தார்கள். உள்ளே ஒரே வெக்கை.

நான் கொண்டுபோயிருந்த கட்டுரை நோட்டுகளை எடுத்துத் திருத்த ஆரம்பித்தேன். சுசீலாபாய் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“ஏட்டி, இன்னும் நாலஞ்சு மணி நேரம் கிடக்கு. புஸ்தகத்த எடுத்துப் புரட்டேன்.”

“இன்னைக்குப் படிக்க மாட்டேன் டீச்சர்.”

“எழுதத்தான் கூடாது. படிக்கவுமா கூடாது?”

“படிப்பும் வேலைதானே டீச்சர்.”

எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. ஊரிலுள்ள பிள்ளைகளெல்லாம் பரீட்சைக்கு முந்தின நிமிஷம்வரை தலைகீழாய் நின்று உருப்போடும்போது, கையில் கிடைத்த ஒரு பகல் முழுவதையும் இவள் சும்மா உட்கார்ந்து கழிக்கிறாளே! ஆயா ஓமனா எனக்குக் கதவு வழியாகத் தேயிலைத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அதையும் இவள் தொடவில்லை. அவர்கள் சபையில் தேயிலை, காப்பி இரண்டும் ஆகாதாம். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து தேயிலை குடிக்காத ஜீவன் என்று நான் கிண்டல் செய்ததற்கு, “எங்க அப்பாவும் குடிக்கமாட்டாங்க டீச்சர், தூளா மூக்குல போறதே போதும்பாங்க” என்று சிரித்தாள். முந்தின நாள் சுட்டுவைத்த ரொட்டியும் பழமும் தின்றாள். வாய்க்குள்ளேயே ஏதோ பாட்டு முனகினாள். பிறகு கட்டிலில் சாய்ந்து ஒரு தூக்கமும் போட்டாள். பரீட்சைக்குப் போகப்போகிறவள் தூங்குகிறாள், காவல் இருக்கிற எனக்குப் படபடவென்று அடித்துக்கொள்கிறது.

அவள் எழுந்து முகம் துடைத்துக்கொண்டிருந்தபோது சீஃப் சூப்பரின்டென்டென்ட் ஸ்ரீகண்டன் சார் மாடியேறி வந்தார். பிசிக்ஸ்காரர், மலையாளி. சட்டம் என்றால் சட்டம். வேறொரு ஊரில் கேள்வித்தாள் வெளியாகி, அந்த சென்டரின் பொறுப்பாளருக்கு வேலையே போயிருந்தது. அந்தப் பயம் அவருக்கு உள்ளூர இருந்தது.

“ஆறு மணிக்கு ஹாலில் வேணும் டீச்சரே. ஷார்ப்.”

சுசீலாபாய் நிமிர்ந்தாள். “சார், ஆறு மணிக்கு சூரியன் இருக்கும். எங்க சபைக் கணக்குல இன்னைக்கு ஆறரை தாண்டித்தான் அஸ்தமனம்.”

அவர் ஆர்டரை எடுத்து நீட்டினார். நானும் வாங்கிப் பார்த்தேன். பிரின்சிபாலின் விண்ணப்பம் ‘அஸ்தமனத்துக்குப் பின்’ என்றுதான் போயிருக்கிறது. யூனிவர்சிட்டி ஆபீசில் எவனோ அதை ஆறு முதல் ஒன்பது என்று டைப் அடித்திருக்கிறான். அவனைச் சொல்லியும் குற்றமில்லை. இந்த மலையாள ஊரில் வீட்டுக்கு வீடு ஆறு மணிக்கு விளக்கேற்றி சாமி நாமம் சொல்ல உட்கார்ந்துவிடுகிறார்கள். விளக்கு வைத்தால் சந்தி, சந்தி என்றால் பொழுது போயாச்சு. மேற்கே கடலுக்குமேல் சூரியன் இன்னும் நிற்கிறதா என்று விளக்கேற்றுகிறவர்கள் யார் எட்டிப் பார்க்கிறார்கள்?

“அரைமணிக்கூர் வரை வரலாம். அது கழிஞ்ஞால் உள்ளே விட பற்றில்ல” என்றார் ஸ்ரீகண்டன் சார். “சட்டம்.”

ஆறரை தாண்டினால் உள்ளே விட முடியாதாம். அஸ்தமனமோ அந்த ஆறரைக்கு ரெண்டு மூன்று நிமிஷம் அந்தண்டை நின்றது. 

“பிரின்சிபாலக் கூப்பிடுங்க சார்.”

“நெய்யாற்றின்கரையில் கல்யாணம். ஸ்டாஃப் எல்லாரும் அவிடெ. யூனிவர்சிட்டியில் ஃபோன் எடுக்க ஆளில்ல.” அவர் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தார். கெட்ட மனுஷன் இல்லை. பயந்த மனுஷன். “குட்டி வந்து ஹாலில் இருக்கட்டே. பேப்பர் வாங்கி வச்சுக்கட்டும். சூரியன் போயிட்டு எழுதினால் மதி, போதும்.”

நல்ல யோசனைதான். நான் அவளைப் பார்த்தேன். அவள் தலையாட்டினாள்.

“பேப்பர் கையில வந்தா வாசிப்பேன் சார். வாசிச்சா மனசு அப்பவே எழுத ஆரம்பிச்சிரும். அது எழுதினதுக்குச் சமம்தான்.”

“எல்லாம் குட்டியோட இஷ்டம்” என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார். படியில் அவர் செருப்புச் சத்தம் ஓய்ந்ததும் நான் அவள்மேல் பாய்ந்தேன்.

“ஏம்பிளா, உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? ரெண்டு நிமிஷம்! ரெண்டு நிமிஷத்துக்கு உங்க சாமி கோவிச்சுக்கிடுமா? உங்க அப்பா நெஞ்ச நினைச்சுப் பாத்தியா?”

அவள் கண்ணில் நீர் முட்டியது. ஆனால் குரல் நடுங்கவில்லை. “அப்பாவ நினைச்சுத்தான் டீச்சர். என்னைப் படிக்கவைக்க ஒரு சனிக்கிழமை போயிருந்தாக்கூட அந்தக் கூலி உதவியிருக்கும். போகல. நான் பாஸாகணும்னு இன்னைக்கு அதை உடைச்சா, அவங்க விட்ட கூலியெல்லாம் எதுக்கு?”

எனக்கு வேறொன்று தோன்றியது. மொட்டைமாடிக்குப் போனால் கடல் தெரியும். அவளையும் கூட்டிக்கொண்டு படியேறி, அவளை உள்ளே நிறுத்திவிட்டு நான் மட்டும் எட்டிப் பார்த்து, ‘சூரியன் போயாச்சு, வா’ என்றால் முடிந்தது. மாடிப்படிக்கதவில் கைவைத்தேன்.

“வேண்டாம் டீச்சர்” என்றாள் பின்னாலிருந்து. “நீங்க பாத்துட்டு வந்தா எனக்காகப் பொய் சொல்லிருவீங்க. அந்தப் பாவம் உங்களுக்கு எதுக்கு?”

எனக்கு முகம் சிவந்துபோனது. திரும்பி வந்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தேன்.

கீழே ஆறு மணி அடித்தது. அடித்த கையோடு ஸ்ரீகண்டன் சார் முற்றத்தில் வந்து நின்று கூப்பிட்டார்.

“டீச்சரே! கவர் பொட்டிக்கணும். வந்து ஒப்பிடணும்!”

கேள்வித்தாள் கவரில் அரக்கு முத்திரை இருக்கும். அதைப் பரீட்சை ஹாலில் வைத்துத்தான் உடைக்கலாம், உடைக்கும்போது சீஃபும் மேற்பார்வையாளரும் இரண்டு பேருமாகப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஆர்டரில் மேற்பார்வையாளர் பெயர் என் பெயர். ஒரே பெயர். அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. நான் போய்க் கையெழுத்துப் போடாமல் கவர் திறக்காது. கவர் திறக்காமல் பரீட்சை தொடங்காது. தொடங்காத பரீட்சைக்கு அரைமணி எங்கேயிருந்து எண்ணுவது?

ஜன்னலைத் திறந்தேன். “பிள்ளையத் தனியா விட்டுட்டு வர முடியாது சார். சட்டம்.”

“அவளையும் கொண்டு வா!”

“அவ வரமாட்டேங்கா.”

“அப்போ ஞான் ஆப்சென்ட் எழுதும்!”

“கவர் பொட்டிக்காம எப்படி சார் ஆப்சென்ட் எழுதுவீங்க?”

அவர் அண்ணாந்து என்னைப் பார்த்தபடி நின்றார். “டீச்சரே, ஞான் ரிப்போர்ட் செய்யும். டீச்சர் டூட்டி செய்தில்ல என்னு எழுதும். எனிக்கு வேற வழியில்ல.”

“எழுதுங்க சார். உள்ளதத்தானே எழுதுவீங்க.”

 பதினாறு வருஷத்தில் ஒரு மெமோ வாங்கினவள் இல்லை நான்.

சுசீலாபாய் எழுந்து வந்தாள். “என்னால உங்க வேலைக்குக் கெடுதல் வருதுன்னா எனக்கு இந்தப் பரீட்சை வேண்டாம் டீச்சர். நீங்க போங்க. நான் வீட்டுக்குப் போறேன்.”

“இரிட்டி அங்கே!” கத்திவிட்டேன். பிறகு என்னை அறியாமலே குரல் இறங்கியது. “என் வேலைய நான் பாத்துக்கிடுதேன். மத்தியானம் பூராவும் உன்மேல எரிஞ்சு விழுந்தேனே, எதுக்குன்னு இப்பத்தான் தெரியுது. பொறாமை. உங்கிட்ட ஒருத்தன் வாரத்துல ஒரு நாள் ஒண்ணும் செய்யாண்டாம்னு சொல்லியிருக்கான். எனக்கு இந்த வயசு வரைக்கும் அம்மையோ அப்பனோ புருஷனோ சாமியோ ஒருத்தரும் அப்படிச் சொன்னதில்ல. அரைமணி நேரம் நானும் இருக்கேன். நீயும் இரி.”

நான் கட்டிலில் உட்கார்ந்தேன். அவளும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். திருத்தாத நோட்டுகள் நாற்காலியில் கிடந்தன. நான் தொடவில்லை. கீழே ஸ்ரீகண்டன் சார் சரளைக்கல்லில் முன்னும் பின்னும் நடப்பது கேட்டது. ஒவ்வொரு தரம் அவர் நின்றபோதும் மேலே வந்துவிடுவாரோ என்று கதவைப் பார்த்தேன். வந்து, பரீட்சை வேண்டாமென்று அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வெளியே அனுப்பினால் நான் என்ன செய்திருப்பேனோ தெரியாது. அவர் வரவில்லை. மாவு, மிளகாய், காப்பி எல்லாம் ஒருமுறை மனதில் வந்துவிட்டுப் போயின.

காய்ந்த துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போயிருந்த ஓமனாவுக்குக் கீழே நடந்த சத்தமெல்லாம் கேட்டிருக்க வேண்டும். திடீரென்று மேலேயிருந்து கூவினாள்: “டீச்சரே, சூரியன் கடலில் முங்கி! பொட்டுபோலும் இல்ல!”

நான் குதித்து எழுந்தேன். சுசீலாபாய் எழவில்லை.

“ஒரு பாட்டுப் பாடி ஜெபம் பண்ணித்தான் நாளை முடிக்கணும் டீச்சர்.”

“பாடித் தொலை! ஒரு சரணத்தோட நிறுத்து!”

பாடினாள். அவசரப்படாமல் முழுச் சரணத்தையும் பாடி, கண்ணை மூடி ஜெபித்து, ஆமென் சொன்னாள். பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியில் ஓடினோம். ஹாலில் ஸ்ரீகண்டன் சார் கவரை நீட்டினார். ஓடிவந்த வேகத்தில் என் கையெழுத்துக் கோணலாக விழுந்தது. அவளுக்கு மூன்று மணி நேரத்தையும் குறைக்காமல் கொடுத்தார். சொன்னபடி ரிப்போர்ட்டும் அனுப்பினார்.

இரண்டு வாரத்தில் யூனிவர்சிட்டியிலிருந்து மெமோ வந்தது. சுசீலாபாயின் விடைத்தாளைத் திருத்தாமல் நிறுத்திவைத்திருக்கிறார்களாம். தாமதம் மாணவியால் என்றால் பரீட்சை ரத்து, மேற்பார்வையாளரால் என்றால் மேற்பார்வையாளர்மேல் நடவடிக்கை. ‘குறிப்பிட்ட நேரத்தில் தாங்கள் என்ன பணியில் ஈடுபட்டிருந்தீர்கள்?’ என்று கேட்டிருந்தார்கள்.

“தலைசுத்தல், மயக்கம்னு எழுது. டாக்டர் சர்ட்டிபிகேட் நான் வாங்கித் தாறேன்” என்றார் என் புருஷன்.

எழுதியிருந்தால் என் இன்கிரிமென்ட் தப்பியிருக்கும். பரீட்சை டூட்டியிலிருந்து விலக்கியிருக்கவும் மாட்டார்கள். அந்தப் பிள்ளை எனக்காகக்கூட ஒரு பொய்யை வேண்டாமென்றவள். அவள் பேப்பரை ஒரு பொய்யின்மேல் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

கவரைத் திறக்க வர வேண்டியவள் நான், கூப்பிட்டும் வராதவளும் நான், மாணவிக்கு அதில் பொறுப்பில்லை என்று எழுதினேன். சுசீலாபாய் இரண்டாம் வகுப்பில் பாஸானாள். ஜூனில் தாசையன் பெட்டி படுக்கையோடு போனக்காட்டிலிருந்து பஸ் ஏறினார்.

மெமோவுக்குப் பதில் எழுதின அன்று, என்ன பணியில் ஈடுபட்டிருந்தீர்கள் என்ற கேள்விக்கு மட்டும் கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகு, இத்தனை வருஷ சர்வீஸில் ஒருதரமாவது இதை எழுத வாய்த்ததே என்ற சந்தோஷத்தோடு, நல்ல கொட்டை எழுத்தில் எழுதினேன்: ‘சும்மா இருந்தேன்.’