தாலாட்டு இருந்த பிளாப்பி

சைக்கிள் கடை மாடியில் ஞாயிறு மதியம்தோறும் பழைய கம்ப்யூட்டர் கிளப் கூடும். அங்கே பெட்டி பெட்டியாக இருந்த பிளாப்பி டிஸ்க்குகளில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கியிருந்தது. ஒவ்வொன்றாக ஓட்டி, உள்ளே இருப்பதைப் புதுக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட வேண்டும். பத்து வருடங்களாக அது ஒரு வீட்டின் இரண்டு மருமகள்களில் மூத்தவளின் வேலை. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள் அவள். நடுங்காத கை. "அந்தம்மா கை பட்டா ஊமையும் பேசும்" என்பார் செயலாளர். அந்தப் பேச்சைக் கேட்கத்தான் அவள் வாரம் முழுவதும் காத்திருந்தாள்.

ஆறு மாதத்துக்கு முன்பு தன் ஓரகத்தியையும் அவளே அழைத்து வந்தாள். "வீட்ல போனை நோண்டிட்டு இருக்கிறதுக்கு என்கூட வாயேன்."

இளையவளுக்கு ஆஸ்பத்திரி லேபில் வேலை. வந்த மூன்றாவது வாரம், மூத்தவள் ஆகாது என்று குப்பைக்கு ஒதுக்கியிருந்த ஒரு பிளாப்பியை எடுத்தாள். உறையைக் கத்தரித்து, உள்ளே இருந்த, கிளப்பில் எல்லோரும் தட்டு என்று சொல்லும் மெல்லிய வட்டத் தகட்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவினாள். காயவைத்து, வேறு உறையில் நுழைத்து ஓட்டினாள். எல்லாம் வந்துவிட்டது.

அன்றிலிருந்து பிளாப்பியைப் படிக்கும் டிரைவுக்கு எதிரே இருந்த நாற்காலி இளையவளுக்குப் போயிற்று. மூத்தவளுக்குக் கிடைத்தது லேபிள் எழுதும் வேலை.

"உங்க தம்பி பொண்டாட்டி தட்டு கழுவுறதுல கெட்டிக்காரின்னு ஊரே சொல்லுது. வீட்ல ஒரு தட்டு கழுவிப் பார்த்ததில்ல" என்று கணவனிடம் சொன்னாள்.

"நீதானே கூட்டிட்டுப் போனே?" என்றான் அவன். அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

படுக்கும்முன் சாமி படத்தின் முன் நின்று, "இந்தப் பொறாமையை என்கிட்டேருந்து எடுத்துடு" என்று வேண்டிக்கொள்வாள். வேண்டி முடித்ததும், "எடுக்கிறதுக்கு முன்னாடி அவ ஒரே ஒரு தடவை தோத்துடட்டும்" என்று சேர்த்துக்கொள்வாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிளப்பின் பழைய உறுப்பினரான ஓர் அம்மாள் வந்திருந்தார். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, தானே கட்டிய தாலாட்டுகளைக் கிளப் கம்ப்யூட்டரில் அடித்து வைத்தவர். இப்போது அந்த மகளுக்கே பிள்ளை பிறக்கப்போகிறது.

"எறும்பு சைக்கிள் ஓட்டுற பாட்டு ஒண்ணு உண்டு. முதல் வரிக்கு மேல நினைவுல நிக்கல. இந்த வாரமே வலி எடுத்துடும்னு டாக்டர் சொல்லிட்டார். எப்படியாவது எடுத்துக் கொடுங்கம்மா."

பிளாப்பி முழுக்க வெள்ளைப் புள்ளிகள். இளையவள் கழுவினாள், காயவைத்தாள், புது உறையில் நுழைத்து ஓட்டினாள். திரையில் ஒன்றுமில்லை. இரண்டாம் முறையும் இல்லை. மூன்றாம் முறையும் இல்லை. மூன்று முறை ஓடாதது குப்பைக்கு என்பது கிளப் விதி. பூஞ்சை மற்றவற்றுக்கும் தொற்றிவிடும்.

இளையவள் தகட்டை உறையிலிருந்து உருவி மேசைமேல் வைத்தாள். "என்னை மன்னிச்சிடுங்கம்மா" என்று சொல்லிவிட்டு வாஷ்பேசின் பக்கம் போய்விட்டாள். அம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

மூத்தவள் தகட்டைப் பார்த்தாள். கண்ணாடியில் கோடு தேடிப் பழகிய கண். ஒரு பக்கத்தில் மட்டும் முடி போல ஒரு பளபளப்பான வளையம் தெரிந்தது. டிரைவின் முனை வருடக்கணக்காக உரசிய தடம். பழைய பிளாப்பியில் ஒரு பக்கம்தான் எழுதியிருக்கும். அந்தப் பக்கம் கீழே இருக்க வேண்டும். இளையவள் உருவி வைத்தபோது அது மேலே இருந்தது. கழுவிய அவசரத்தில் தகட்டைத் தலைகீழாக நுழைத்து, வெற்றுப் பக்கத்தை மூன்று முறை படிக்க வைத்திருக்கிறாள்.

மூத்தவளின் வேண்டுதல் பலித்துவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தாலே போதும், நாற்காலி திரும்பக் கிடைக்கும். அந்தச் சந்தோஷம் நெஞ்சில் இனிப்பாக ஊறியது. ஊறியதை அவளே கவனித்தாள், கவனித்ததும் உடம்பு கூசியது. பிறக்கப்போகும் பிள்ளையின் பாட்டைக் குப்பையில் போட்டுவிட்டா நான் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும்?

செயலாளர் குப்பைப் பெட்டியை நகர்த்தி வந்தார். அவள் தகட்டின்மேல் கை வைத்தாள்.

"இன்னொரு தடவை ஓட்டலாம்."

"மூணு ஆச்சே. ரூல் போட்டதே நீங்கதானேம்மா?"

"என் தட்டுக்கு நாலாவது தடவை நான் கேட்டதில்லையே. இவளுக்காகக் கேக்கிறேன்."

பிறகு வாஷ்பேசின் பக்கம் போனாள். இளையவள் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

"தட்டைத் திருப்பிப் போட்டிருக்கே. பளபளன்னு இருக்கிற பக்கம் கீழே வரணும். போ, போய் நீயே மாத்திப் போடு."

"அக்கா, எல்லார் முன்னாடியும் நீங்களே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கலாம்தான். நான் மனசு மாறுறதுக்குள்ள போ."

நாலாவது முறை எழுத்துகள் வரிவரியாக வந்தன. அம்மாள் திரையில் முகம் ஒட்டும்படி குனிந்து பாடிப் பார்த்தார். எறும்பு சைக்கிளிலிருந்து விழுந்த இடத்தில் அவர் குரல் உடைந்தது. எழுந்து இளையவளைக் கட்டிக்கொண்டார்.

மூத்தவளுக்கு மறுபடி எரிந்தது. பொறாமை ஒரே நாளில் போய்விடும் என்று கடவுள் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லையே.

அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார். "நீயும் இந்தப் பொண்ணுகிட்ட கொஞ்சம் கத்துக்கோம்மா."

இளையவள் பதறி வாயைத் திறந்தாள். மேசைக்கு அடியில் மூத்தவள் அவள் பாதத்தை மிதித்தாள்.

"கத்துக்கறேம்மா" என்றாள்.

அம்மாள் மறுபடி முதலிலிருந்து பாடத் தொடங்கினார்.

"காலை எடுங்கக்கா, வலிக்குது" என்று இளையவள் கிசுகிசுத்தாள்.

"கொஞ்சம் வலிக்கட்டும்" என்றாள் மூத்தவள்.