வளைவுக்கு முன்

நடைபாதை தொடங்கும் இடத்தில் புதிதாக ஒரு பலகை வைத்திருந்தார்கள். மாமா அதன் முன் நின்று, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வாசித்தார். 'காட்சிமுனை. எளிய நடை. முதியோரும் செல்லலாம்.'

"யாரு முதியோர்?" என்றார்.

"பொதுவா எழுதியிருப்பாங்க மாமா."

"பொதுவா எழுதினா சரி."

கண்ணாடியை இறக்கிக்கொண்டு நடந்தார். அவள் பின்னால் போனாள். தண்ணீர்ப் புட்டியும் மாமாவின் ஸ்வெட்டரும் இருந்த பை அவள் தோளில். அத்தை வாசல்வரை வந்து கொடுத்த பை. கொடுக்கும்போது "மெதுவா" என்று மட்டும் சொன்னாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

முனையை அடைவதற்குள் சொல்லிவிட வேண்டும். வீட்டில் முடியவில்லை. வந்து இரண்டு நாளாகிவிட்டது. கூடத்தில் அவள் கணவனின் படம் இருந்தது. அதற்குக் கீழே உட்கார்ந்துகொண்டு சொல்ல வாய் வரவில்லை. சமையலறையில் அத்தை முதுகைக் காட்டியபடியே இருந்தாள். நாளைக் காலை ஊருக்குக் கிளம்ப வேண்டும். அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணம். இவர்களுடைய மகன் இறந்து மூன்று வருடமாகிறது. ஒவ்வொரு வருடமும் விடுமுறை போட்டுவிட்டு இங்கே வந்து மருமகளாகவே இருந்துவிட்டுப் போனாள். சொன்ன பிறகு எந்த உரிமையில் வருவது என்று தெரியவில்லை. இதுவே கடைசித் தடவையாகவும் இருக்கலாம்.

பாதை அகலமாகத்தான் இருந்தது. ஒரு பக்கம் பாசி படிந்த பாறை, மறு பக்கம் இடுப்பளவு கம்பி வேலி. பைன் மரங்களிலிருந்து ஊசி ஊசியாக உதிர்ந்த இலைகள் காய்ந்து, கால் வைக்கும் இடமெல்லாம் மெத்தென்று இருந்தது. ஏற்றம் இருப்பதே தெரியாது. திரும்பிப் பார்த்தால்தான் கடைத்தெருவின் தகரக் கூரைகள் கீழே போயிருக்கும்.

முதல் வளைவு வந்தது. மாமா தொண்டையைச் செருமினார். இரண்டு முறை, கனமாக. எதிரே யாரும் வரவில்லை. வளைவில் திரும்பினார்.

அவர் முப்பது வருடம் இந்த மலையில் பஸ் ஓட்டியவர். எதிரில் வருவது தெரியாத எந்த வளைவிலும் ஹாரன் அடிக்காமல் திரும்பியதில்லை. ஓய்வு பெற்றபோது பஸ்ஸை விட்டுவிட்டு வந்தார், ஹாரனை விடவில்லை.

கல்யாணமாகி முதல் முறை வந்தபோது மூன்று பேருமாக இதே வழியில் நடந்தார்கள். இந்த வளைவில்தான். மாமா செருமியதும் அவள் அவசரமாகப் புட்டியைத் திறந்து நீட்டினாள். அவன் சிரித்துச் சிரித்து நிற்க முடியாமல் பாறையில் உட்கார்ந்துவிட்டான். "தண்ணி எதுக்கு? அது ஹாரன்" என்றான். வீட்டிலும் அப்படித்தானாம். கூடத்திலிருந்து சமையலறைக்குத் திரும்பும் இடத்தில் ஒன்று, குளியலறைச் சந்தில் ஒன்று. "எதிர்ல அம்மா சுடு தண்ணியோட வந்தா என்ன ஆகறது? சேப்டி முக்கியம்." மாமா திரும்பிப் பார்த்து, "சிரிடா. இத்தனை வருஷத்துல வண்டியில ஒரு கீறல் உண்டா, கேட்டுச் சொல்லு" என்றார். அடுத்த வளைவுக்கு அவன் ஓடிப் போய் முன்னால் நின்று, கைகளை வாயில் குவித்து லாரி ஹாரன் அடித்தான். அந்தப் பக்கமிருந்து வந்த ஓர் அம்மாள் நிஜமாகவே பாறையோடு ஒட்டி நின்றுவிட்டாள். அவன் மன்னிப்புக் கேட்டான். அந்த அம்மாள், "வண்டி எங்கேப்பா?" என்றாள்.

வருடக்கணக்கில் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். அவளுக்கு இப்போது அந்த அம்மாளின் முகம் நினைவிருந்தது. அவன் அன்று போட்டிருந்த சட்டை நினைவில்லை. நடந்துகொண்டே யோசித்துப் பார்த்தாள். நீலமாக இருக்கலாம்.

மாமா இன்று நிறையப் பேசினார். சாலையை அகலப்படுத்தியது, குரங்குகள் பிஸ்கட் பொட்டலம் பிரிக்கப் பழகியது, பஸ் நிலையத்தில் கழிப்பறைக்குப் பூட்டு போட்டது. இடைவெளியே விடவில்லை.

"மாமா, ஒண்ணு சொல்லணும்."

"அந்தக் குழாயப் பாரு. போன மழையில உடைஞ்சது. இன்னும் துணி கட்டி வச்சிருக்கானுங்க."

பார்த்தாள். துணி கட்டித்தான் இருந்தது. சொட்டிக்கொண்டிருந்தது.

கொஞ்ச தூரம் போய் மறுபடி, "மாமா" என்றாள்.

"கீழ்ப்பல்லு லேசா உரசுது" என்றார் உடனே. "இடது பக்கம்."

அவள் ஒரு பல் மருத்துவமனையில் பல் செட் செய்யும் பிரிவில் வேலை செய்தாள். போன வருடம் அவருடைய வாயை மெழுகில் அளவெடுத்து, ஊருக்குப் போய், தன் கையாலேயே செய்து எடுத்துவந்து மாட்டினாள். "உன் கைவேலைய வாயில வச்சுக்கிட்டு ஊரெல்லாம் சுத்தறேன்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பல்லைக் காட்டினார்.

"வீட்டுக்குப் போனதும் கழட்டிக் குடுங்க, பார்க்கறேன்."

"இப்ப ஒண்ணும் அவசரமில்ல."

பாதிவழியில் ஒரு சிமெண்ட் பெஞ்சு. வெளியூர்க்காரர்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள், கணவன் மனைவி. அந்த ஆளுக்கு மூச்சு வாங்கியது. தொப்பியால் விசிறிக்கொண்டே, "இன்னும் ரொம்ப தூரமா சார்?" என்றார்.

"வந்துட்டீங்க. எளிய நடைதான். பலகையில போட்டிருக்கு."

"எழுதினவன் ஏறிப் பார்த்திருக்க மாட்டான்" என்றார் அந்த ஆள். பிறகு அவளைப் பார்த்து, "உங்க பொண்ணா?"

"மருமக."

"அப்படியா. பையன் வரலையா?"

அவள் கம்பி வேலிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இந்தக் கேள்வி ஒவ்வொரு வருடமும் வரும். யாராவது கேட்பார்கள். மாமா "வேலை" என்பார். போன வருடம் "லீவு கிடைக்கல" என்றார். அவளும் தலையாட்டுவாள். இந்தப் பாதையில் மட்டும் அவன் மூன்று வருடமாக வேலையாக இருந்தான்.

"இல்லைங்க" என்றார் மாமா. "தவறிட்டான். மூணு வருஷமாச்சு."

தொப்பி நின்றது. "அடடா" என்றார் அந்த ஆள். அந்த அம்மாள் வாய்க்குக் கொண்டுபோன தண்ணீரைக் குடிக்காமல் இறக்கினாள்.

"இவளுக்கு அடுத்த மாசம் கல்யாணம்" என்றார் மாமா. அடுத்த நிறுத்தத்தைச் சொல்வதுபோல இருந்தது.

"யாருக்கு?"

"இவளுக்குத்தான்."

"மருமகள்னு சொன்னீங்களே?"

"மருமகதான். அவளுக்குத்தான் கல்யாணம்."

அந்த ஆள் மாமாவைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

"நீங்க பேசாம மூச்சு வாங்குங்க" என்றாள் மனைவி. பிறகு அவளிடம், "ரொம்ப சந்தோஷம்மா" என்றாள். அவசரமாகச் சொன்னாலும் மனசாரச் சொன்னாள்.

அந்த ஆளால் விட முடியவில்லை. "அப்போ நீங்க, சார்? பொண்ணு வீட்டுக்காரரா?"

மாமா யோசித்தார். "அது இன்னும் முடிவாகல" என்றார்.

நடந்தார். அவள் அங்கேயே நின்றாள். வளைவுக்கு முன்னால் அவர் செருமுவது கேட்டது. அந்த அம்மாள் எழுந்து, அவள் தோளிலிருந்து நழுவிய பையை ஏற்றி மாட்டிவிட்டு, "போம்மா, தனியாப் போறாரு பாரு" என்றாள்.

அவள் ஓட்டமும் நடையுமாகப் போய்ப் பிடித்தாள். சிறிது நேரம் பக்கத்தில் நடந்தாள்.

"எப்படித் தெரியும்?"

"உங்கம்மா போன் பண்ணாங்க, போன வாரம். நீ சொல்லப் பயந்துக்கிட்டு இருக்க, நீயே சொல்லட்டும், அதுவரைக்கும் தெரியாத மாதிரி இருங்கன்னாங்க. நீ சொன்னதும் ஆச்சரியப்படணுமாம்." அவர் பாதையைப் பார்த்தே பேசினார். "கண்ணாடி முன்னால நின்னு பழகிப் பார்த்தேன். பல்வலி வந்தவன் மாதிரி இருக்குன்னா உங்கத்தை. பல்லே இல்லாதவனுக்கு ஏது பல்வலி?"

அவள் சிரித்தாள். சிரிப்பு வேறெங்கோ போகப் பார்த்தது. பையிலிருந்து அவருடைய ஸ்வெட்டரை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அதனாலதான் சொல்ல விடாம பேசிக்கிட்டே வந்தீங்களா?"

"வேற என்ன பண்றது? மூஞ்சி காட்டிக் குடுத்துடும். அந்த ஆளு கேட்டப்போ..." நிறுத்தினார். "அவன வேலைக்கு அனுப்பி அனுப்பி எனக்கே அலுத்துப் போச்சும்மா."

பைன் மரங்கள் குறைந்து வெளிச்சம் கூடியது. முனை பக்கத்தில் இருந்தது.

"அத்தைக்கும் தெரியுமா?"

"போனை எடுத்ததே அவதான்."

"என்ன சொன்னாங்க?"

"அன்னிக்கு ராத்திரி சாப்பிடல." சில அடிகள் நடந்தார். "மறுநாள் சாப்பிட்டா."

"கோவமா இருக்காங்களா?"

"கோவம்னா சண்டை போட்டிருப்பா. அவ சண்டை உனக்குத் தெரியாதா? பேசாம இருக்கா. அதுக்கு என்ன பேருன்னு எனக்கும் தெரியல."

அவள் தலையாட்டினாள்.

"கட்டிக்கப்போறவரு என்ன வேலை? உங்கம்மா சொன்னாங்க, சரியாக் கேக்கல."

"லிப்ட் மெக்கானிக். கட்டடத்துல லிப்ட் மாட்டறது, ரிப்பேர் பார்க்கறது."

மாமா இதை எடைபோட்டார். "ஏத்தி இறக்கற வேலை. நம்ம தொழில்தான். வளைவு கிடையாது, அவ்வளவுதான்."

கடைசி வளைவு தெரிந்தது. அதைத் தாண்டினால் முனை. அங்கே யாராவது இருப்பார்கள், படம் எடுப்பார்கள், எடுத்துத் தரச் சொல்வார்கள். அதற்குப் பிறகு கேட்க முடியாது.

"நான் இனிமேலும் வரலாமா மாமா?"

வளைவு வந்துவிட்டது. செருமினார். குரல் சரியாக வரவில்லை. நின்று, இன்னொரு முறை செருமிவிட்டுத் திரும்பினார்.

முனையில் யாருமில்லை. கம்பிக்கு அப்பால் வெள்ளையாக இருந்தது, வேறொன்றும் தெரியவில்லை. தூரக்கண்ணாடி பொருத்தியிருந்த தூண் ஒன்று நின்றது. கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். மேகம் அடைத்திருக்கும் நாட்களில் அவன் கிளம்ப விடமாட்டான். "அஞ்சு நிமிஷம், அஞ்சே நிமிஷம்" என்று கம்பியில் சாய்ந்து நிற்பான். ஒரு தடவை இருட்டும்வரை அப்படி நின்று, ஒன்றும் பார்க்காமல் திரும்பினார்கள். வழியெல்லாம் தன்னுடைய தப்பு போல அவளைச் சமாதானம் செய்துகொண்டு வந்தான். அவளுக்கு வருத்தமே இல்லை. அந்த மாலை முழுவதும் அவன் கை அவள் ஸ்வெட்டர் பாக்கெட்டுக்குள் இருந்தது.

மாமா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். குளிர்ந்தது. அவள் ஸ்வெட்டரை நீட்டினாள். வாங்கி, ஈரமான இடத்தைப் பார்த்துவிட்டு மாட்டிக்கொண்டார்.

"அவருக்கு வளைவு ஒத்துக்குமா?" என்றார்.

"என்ன வளைவு?"

"மலை வளைவு. சில பேருக்குப் பாதி ஏறறதுக்குள்ள வயித்தப் பிரட்டிடும். ஆளு பார்க்க வாட்டசாட்டமா இருப்பான், ஜன்னல்ல தலைய விட்டுக்கிட்டுதான் வருவான்."

"தெரியல மாமா. அவர் மலைக்கெல்லாம் வந்ததில்ல."

"வரும்போது முன் சீட்டுல உட்காரச் சொல்லு. ரோட்டப் பார்க்கணும், பள்ளத்தப் பார்க்கக் கூடாது. வெறும் வயித்தோடயும் ஏறக் கூடாது, மூக்கு முட்டச் சாப்பிட்டுட்டும் ஏறக் கூடாது."

"சொல்றேன்."

"போன நோண்டிக்கிட்டு வரக் கூடாது. அது ரொம்ப மோசம்."

"சொல்றேன் மாமா." சற்றுக் கழித்து, "அத்தை...?" என்றாள்.

"அத நான் பார்த்துக்கறேன்னு சொல்ல முடியாதும்மா. அவ வண்டிய அவதான் ஓட்டுவா."

காற்று எழுந்தது. வெள்ளை நடுவில் கிழிந்து, முதலில் எதிர்மலையின் தோள் தெரிந்தது. பிறகு மரங்கள். பிறகு வெகு கீழே சாலை, மடங்கி மடங்கி. அவர் ஓட்டிய சாலை. அதில் ஒரு பஸ் ஏறிக்கொண்டிருந்தது. இங்கிருந்து சத்தம் கேட்கவில்லை. தீப்பெட்டி அளவுகூட இல்லை, ஆனால் மாமா நேராகி நின்றார்.

"மூணரை வண்டி" என்றார். "இப்ப ரெண்டாவது கியருக்கு வரணும். வந்துட்டான். பரவால்ல, நல்லா ஓட்டறான்."

அவருடைய இடது கை கம்பியின்மேல் லேசாக அசைந்தது. பஸ் ஒரு மடிப்பில் திரும்பியது. அடுத்ததில் திரும்பியது. அதற்கு மேலே சரிவிலிருந்து புதிதாக ஒரு மேகம் சாலையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. அவள் அவர் பக்கத்தில் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பஸ் வேகம் குறைத்து மேகத்துக்குள் நுழைந்தது. முன்பாதி போயிற்று, பின்பாதி போயிற்று.

மேகத்துக்கு இந்தப் பக்கம், பஸ் வெளியே வர வேண்டிய இடத்தில், சாலை ஈரமாக, காலியாக இருந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.