ஏழாம் அத்தியாயம் போன இடம்

வீட்டில் இருந்தது ஒரே மடிக்கணினி. அதற்குச் சொந்தக்காரர்கள் இரண்டு பேர். கட்டட வரைபடம் போடும் கணவருக்கு விண்டோஸ் இயங்குதளம் வேண்டும். அவருடைய மென்பொருள் அதில்தான் ஓடும். மொழிபெயர்ப்பாளரான மனைவிக்கு லினக்ஸ் என்ற இன்னோர் இயங்குதளம் வேண்டும்; பதினோரு வருடமாகச் சேர்த்த சொற்பட்டியலும் கை பழகிய தட்டச்சு முறையும் அதில் இருந்தன. கணினியைத் திறக்கும்போது எது வேண்டும் என்று அது கேட்கும். ஒருவர் மூடினால்தான் மற்றவர் தன்னுடையதைத் திறக்க முடியும். "அஞ்சு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு அரை மணி நேரம் உட்காரும் பழக்கம் இருவருக்கும் உண்டு என்பதால், சண்டைக்கு வேறு காரணம் தேட வேண்டியிருக்கவில்லை.

இந்தச் சண்டையைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன அவளுடைய தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்தான். நெட்வொர்க் வேலை பார்ப்பவன். எதையும் விளக்கமாகச் சொல்வது மட்டும் அவனுக்கு ஆகாது.

"அக்கா, இனிமே மூடவே வேணாம். விண்டோஸுக்குள்ள ஒரு வர்ச்சுவல் மெஷின் வெச்சிருக்கேன். கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டர்னு வெச்சுக்கோ. மாமா படம் திறந்தபடியே கிடக்கட்டும். நீ இதைத் திறந்தா உன் லினக்ஸ் வரும்."

"என்னோடதேதானா?"

"அதேதான்."

திறந்து பார்த்தாள். அதே சொற்பட்டியல், அதே கோப்புகள், மூன்று மாதமாக மாற்றாத அதே பின்னணிப் படம். அவளுக்கு வாயெல்லாம் பல்.

திங்கள் முதல் புதன் வரை கணவரின் வரைபடம் ஒரு பக்கம் திறந்தே இருந்தது. அவர் வெளியே போன நேரங்களில் அவள் உள்ளே இருந்த லினக்ஸில் ஏழாம் அத்தியாயத்தை முடித்தாள். தூக்கமின்மை பற்றி ஒரு மருத்துவர் எழுதிய புத்தகம் அது. அடுத்த புதன்கிழமை முழுப் புத்தகமும் பதிப்பகத்துக்குப் போயாக வேண்டும். இருபத்திரண்டு பக்கம் ஏழாம் அத்தியாயம்; அதில் மட்டும் அவள் ஏழெட்டு முறை கொட்டாவி விட்டிருப்பாள்.

வியாழக்கிழமை காலை கணினி சும்மா இருந்தது. உள்ளே இருப்பது ஆமை வேகத்தில் நகர்கிறது என்று, பழையபடி லினக்ஸையே நேரடியாகத் திறந்தாள். ஏழாம் அத்தியாயத்தில் சனிக்கிழமை எழுதிய முதல் பத்தி மட்டும் இருந்தது. மீதி இல்லை. மூடித் திறந்தாள். தேடினாள். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது.

"நேத்து இதுல என்ன பண்ணீங்க?" என்று கணவரிடம் கேட்டாள்.

"இடம் பத்தலைன்னு காட்டிச்சு. என் பழைய படங்கள் கொஞ்சத்தை அழிச்சேன்."

"அதோட சேர்த்து என்னோடதையும் அழிச்சிருக்கீங்க."

"உன் பக்கமே நான் போகலையே."

"பின்னே தானா போச்சா? வேற யார் இருக்கா இந்த வீட்ல?"

அவர் மறுத்தார். அவள் அடித்துச் சொன்னாள். எந்த நாள், எந்த நேரம், யார் உட்கார்ந்திருந்தது என்று வரிசையாக எடுத்து வைத்தாள். கடைசியில் அவர் தலையைக் குனிந்துகொண்டு, "அப்படித்தான் இருக்கணும். தெரியாம செஞ்சிருப்பேன்" என்றார். இனிமேல் இதைத் தொடாதீர்கள் என்றாள். அவர் தொடவில்லை. விடிந்ததும் கிளம்பி அலுவலகத்திலேயே உட்கார்ந்து வரைந்துவிட்டு வந்தார். வீட்டில் பேச்சும் குறைந்தது. அவள் அதைக் கவனித்தாள். கவனித்தும், நன்றாக உறைக்கட்டும் என்று விட்டுவிட்டாள். அத்தியாயத்தை நேரடி லினக்ஸில் மறுபடி முதலிலிருந்து எழுதினாள்.

செவ்வாய்க்கிழமை மதியம் கடைசி வரியும் முடிந்தது. பதிப்பகம் அனுப்பிய படிவம் விண்டோஸில்தான் திறந்தது. அதற்காக விண்டோஸுக்குப் போனவள், அதை நிரப்ப ஒரு தலைப்பைப் பார்க்க வேண்டியிருந்ததால், உள்ளே இருந்த லினக்ஸைத் திறந்தாள். ஏழாம் அத்தியாயம் இருந்தது. ஆனால் காணாமல் போன பழையது. இருபத்திரண்டு பக்கமும் ஒரு கமா குறையாமல். ஐந்து நாள் உட்கார்ந்து எழுதிய புதியதைத்தான் காணோம்.

கணவர்தான் எடுத்து ஒளித்து வைத்துவிட்டு, இப்போது திருப்பி வைத்திருக்கிறாரா என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். அப்படி நினைத்ததற்கு உடனே வெட்கப்பட்டாள். அவர் வியாழக்கிழமையிலிருந்து இந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. பிறகு உள்ளே 'சோதனை' என்று ஒரு கோப்பு உண்டாக்கினாள். மூடிவிட்டு நேரடியாகத் திறந்தாள். 'சோதனை' இல்லை, புதிய அத்தியாயம் இருந்தது. திரும்ப உள்ளே போனாள். 'சோதனை' இருந்தது, புதிய அத்தியாயம் இல்லை. தம்பிக்குப் போன் போட்டாள்.

"டிஸ்க்ல இருக்கறதையே நேரா திறக்கத்தான் பார்த்தேன்கா" என்றான் அவன். "விண்டோஸ் விடலை. அதான் அப்படியே ஒரு நகல் எடுத்து உள்ள போட்டேன். இடம்கூட நிறைய அடைச்சிருக்குமே?"

"அதேதான்னு சொன்னியேடா."

"அன்னிக்கு அதேதான். அப்புறம் நீ ரெண்டுலயும் தனித்தனியா எழுதினா ரெண்டும் வேற வேறயாத்தானே போகும்?"

அவனைத் திட்டக்கூட அவளுக்குத் தெம்பில்லை. போனை வைத்துவிட்டாள்.

மாலையில் கணவர் வந்து செருப்பைக் கழற்றும்போதே எல்லாவற்றையும் கொட்டினாள். கழற்றிய ஒரு செருப்பைக் கையில் பிடித்தபடி அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்போ நான் அழிக்கலையா?" என்றார்.

"இல்லை. நீங்க அதைத் தொடவே இல்லை. செய்யாததை ஏன் செஞ்சேன்னு ஒத்துக்கிட்டீங்க?"

"நீ அவ்வளவு உறுதியா சொன்னே. நான்தான் போலிருக்குன்னு நானே நம்பிட்டேன். ஆபீஸ்ல ஒரு கோட்டை அழிக்கறதுக்கு முன்னாடிகூட பக்கத்துல இருக்கறவரைக் கூப்பிட்டுக் காட்டிக்கிட்டு இருந்தேன்."

மன்னித்துவிடுங்கள் என்று சொன்னாள். அது அவர் காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை. அவர் நேராக மேசைக்குப் போய், கணினியைத் தொடாமல், எட்டவே உட்கார்ந்தார்.

அவள் இரண்டு அத்தியாயங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினாள். முதலில் உள்ளே இருந்தது, பிறகு மூடித் திறந்து வெளியே இருந்தது. அவர் கோப்புகளின் தேதிகளைப் படித்துப் பார்த்தார்.

"இன்னொரு தடவை காட்டு" என்றார்.