முனியாண்டிக்கு நேர்ந்த சேவல்

மலேசியாவில், ரெம்பாவ் பக்கத்துத் தோட்டத்தின் பழைய பந்துத் திடலில், மண்வாரி இயந்திரத்தின் மீது யோகேந்திரன் காலையிலேயே ஏறி உட்கார்ந்துவிட்டான். புதிய வீடுகளுக்காக அவன் முதலில் சாய்க்க வேண்டியது, கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்ற முனியாண்டி மரம். அதன் அடியில் அவனுடைய அப்பா வீரமுத்து ஒரு சேவலோடு நின்றார்.

1978-ஆம் ஆண்டு பந்தாட்டக் கோப்பையின் இறுதியாட்டத்தில் தோட்டத்து அணிக்கு அவர்தாம் கோல்காப்பாளர். கோப்பை கிடைத்தால் அறுப்பதாக முனியாண்டிக்கு ஒரு சேவலை நேர்ந்துவிட்டிருந்தார். கோப்பை கிடைத்தது. வெற்றிக் களிப்பில் ஆட்டக்காரர்கள் அந்தச் சேவலையே குழம்பு வைத்துத் தின்றுவிட்டார்கள். முதல் துண்டை எடுத்தவர் அவரே. மறு ஆண்டு, கோல் அடித்த சுப்பையா இதே திடலில் மின்னல் தாக்கி இறந்தான். மகன் மரத்தில் கைவைப்பதற்குள் அந்த நேர்த்தியைச் செலுத்திவிட வேண்டும்.

"ப்பா, தள்ளி நில்லுங்கலா! நாப்பத்தஞ்சு வருசமா கேக்காத முனி, இன்னிக்கா வந்து கோழிக்கறி கேக்கப் போவுது?"

"வாய மூடுடா. கோழி தலய சிலுப்பட்டும், அப்புறம் வேலய பாரு."

சேவலின் தலையில் மஞ்சள் நீரைத் தெளித்தார். சிலுப்பினால் முனி ஏற்றுக்கொண்டதாகப் பொருள். அது சிலுப்பவில்லை. மீண்டும் தெளித்தார். பிறகு செம்பையே கவிழ்த்தார். சொட்டச் சொட்ட நனைந்த சேவல், அசையாமல் இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"மேனேஜர் வந்துட்டாருப்பா, நவுருங்க!" யோகேந்திரன் இயந்திரத்தை முடுக்கினான்.

வீரமுத்து சேவலை விட்டுவிட்டு, கைகளை அகல விரித்து மரத்தை மறித்து நின்றார். மேற்கே வானம் கறுத்திருந்ததை அப்போதுதான் கவனித்தார்.