இடம் பிடித்த டிஷ்யூ பாக்கெட்டுகள்

ஜார்ஜ் டவுன் ஸ்டேடியத்தில் இப்போது கிட்டத்தட்ட எல்லா இருக்கைகளையும் டிஷ்யூ பாக்கெட்டுகள் பிடித்து வைத்திருக்கின்றன. உட்காரத்தான் ஆள் இல்லை.

முதல் பாக்கெட்டை வைத்தவன் பிறைத் தொழிற்பேட்டையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வினோதன். ஆறு வருடத்துக்கு முன்னால், லீக் ஆட்டம் தொடங்கக் கால் மணி நேரம் இருக்கும்போது, அவன் மனைவி துளசி கச்சான் கடலை வாங்கி வருவதாக எழுந்து போனாள். சாப்பாட்டுக் கடையில் மேசை பிடிப்பது போல அவள் இருக்கையில் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்தான். நம் ஆட்களைத்தான் தெரியுமே, சிவப்பு விளக்கில் கூசாமல் போவான், டிஷ்யூ பாக்கெட் இருக்கிற இடத்தில் மட்டும் உட்கார மாட்டான். துளசி வரவில்லை. அவள் ஜொகூரில் வேறொருவரோடு குடித்தனம் நடத்துவது அவர்கள் வீட்டுப் பக்கத்து ஆயர் ஈத்தாம் பசாருக்கே தெரியும். வினோதனுக்கும் தெரியும். ஆனாலும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் இரண்டு டிக்கெட் வாங்கினான், பக்கத்தில் பாக்கெட்டை வைத்தான், யாராவது கேட்டால் "ஆள் வருதுலா" என்றான்.

அடுத்த சீசனில் அந்த வரிசை முழுக்கப் பாக்கெட்டுகள் முளைத்திருந்தன. யாரும் வைக்கவில்லை. அதற்கடுத்த சீசன் கூரை போட்ட பக்கம், பிறகு கோல் கம்பத்துக்குப் பின்னால். டிக்கெட் வாங்கி வந்தவர்கள் சுற்றிச் சுற்றிப் பார்த்து, இடமில்லை என்று முணுமுணுத்து, வீட்டுக்குப் போய் டிவியில் பார்த்தார்கள். வினோதன் ஆட்டம் பார்க்க அணியோடு ஈப்போவுக்கும் அலோர் ஸ்டாருக்கும் போய்வந்த பிறகு அங்கேயும் ஆரம்பித்துவிட்டது. கிளப்காரர்கள் அள்ளி மூட்டை கட்டிப் போட்டார்கள். காலையில் திரும்ப இருந்தன. மழையில் நனையவும் இல்லை. கடைசியில் மானேஜர் வினோதனைக் கூப்பிட்டுக் கெஞ்சினார்: "அந்த ஒண்ண மட்டும் நீயே எடுத்துடு தம்பி." எடுத்தால் அவள் வரமாட்டாள் என்று ஆகிவிடுமே. அவன் அடுத்த ஆட்டத்துக்கும் இரண்டு டிக்கெட் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான். பாவம், அந்த வீட்டில் பேச யார் இருந்தார்கள்.

போன மாத ஆட்டத்தில் அவன் மட்டும்தான் உட்கார்ந்திருந்தான். ஸ்டேடியத்தில் துப்புரவு வேலை செய்யும் நஸீஹா, இத்தனை வருடமாக ஒவ்வொரு பாக்கெட்டையும் தூக்கித் துடைத்துத் திரும்ப வைத்தவள், துடைப்பத்தோடு அவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணே, நேராக் கேக்கிறேன். ஆள் வருமா வராதா? கால்வலி உயிர் போகுதுலா."

வினோதன் மைதானத்தையே பார்த்தான்.

"வர மாட்டா," என்றான்.

ஆறு வருடத்தில் அதை வாய்விட்டுச் சொன்னது அன்றுதான். பாக்கெட்டை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அழுதான். நஸீஹா அந்த இருக்கையில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிக் காலை நீட்டிக்கொண்டாள்.

மற்ற பாக்கெட்டுகள் இன்றும் அப்படியே இருக்கின்றன. அன்றைக்கு இடைவேளையில், வந்திருக்கும் பார்வையாளர்கள் இரண்டு பேர் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்.